நடு நிறுத்தத்தில் அரை நிமிடம்

அத்தியாயம் 9

ஐந்தாம் நாள் காலை. விடுதி அறைக் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார் டைம்கீப்பர்.

"மூணாம் நம்பர் டிராம். எட்டு இருபத்திரண்டு. ஏழாவது ஸ்டாப். இறங்கி இடது பக்கம் நாற்பது தப்படி. இழுவை ரயில். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு..."

"சாமி கும்பிடறீங்களா, டைம்டேபிள் ஒப்பிக்கறீங்களா?" என்றாள் மனைவி, ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டபடி.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், டாக்டரம்மா."

டாக்டரம்மா டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கண்ணாடித் தகட்டில் தடவிய ஒரு சொட்டு ரத்தத்தில் இருக்கும் அணுக்களை எண்ணியவள். அந்தப் பட்டப்பெயரைக் கொடுத்தது அவர்தான். அவரோ பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எதன் டிரைவர் எதில் மாறுவார் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. டெப்போவில் அவருக்கு இன்னொரு பெயர், 'கரெக்ட் சார்'.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு கிளம்பிய முதல் வெளிநாட்டுப் பயணம் இது. பன்னிரண்டு நாள். கம்பெனிக்காரன் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, பின்னால் மந்தையாய்ப் போகும் சுற்றுலா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார் அவர். எல்லாம் டவுன் பஸ், டிராம், ரயில், படகு. ஊர்க்காரர்கள் எதில் போகிறார்களோ அதில்தான் நாமும். மகள் கடைசிவரை எதிர்த்தாள். நேற்று சாயங்காலம்கூட, அம்மாவின் போனில் கூப்பிட்டு, "அப்பாகிட்ட குடு. தனியாப் பேசணும்" என்றாள். அவர் வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. குளிருதான்னு கேட்டா."

குளிரைக் கேட்க எதற்குத் தனிமை என்று டாக்டரம்மா கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ராத்திரி தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியிருந்தாள்.

டிராமில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மடக்கி நிறுத்தங்களை எண்ணினார். பெட்டியின் நெற்றியில் அடுத்த நிறுத்தத்தின் பெயர் பளிச்சென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அதோ எழுதிக் காட்டறானே, எதுக்கு எண்ணிக்கிட்டு?"

"போர்டை நம்பறவன் பயணி. எண்ணறவன் டைம்கீப்பர்."

திமிர் பிடித்த மனுஷன் என்று சிரித்துக்கொண்டாள். ஐந்து நாளாக இதே கூத்துதான். எந்த ஸ்டேஷனிலும் அவர் போர்டைப் பார்ப்பதில்லை. வழி கேட்பதில்லை. கால் தானாகப் போகும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே கம்ப்யூட்டர் கடையில் டைம்டேபிள்களைப் பக்கம் பக்கமாகப் பெரிதாக்கி அச்சடித்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறாரே என்று அவள் காபி கொண்டுபோய் வைத்ததும் உண்டு. திட்ட நோட்டையும் தடித்த மார்க்கர் பேனாவால், பக்கத்துக்கு நாலே வரியாக எழுதியிருந்தார். "சுவர்ல விளம்பரமா எழுதறீங்க?" என்று கேட்டதற்கு, "நோட்டு என்னுது, எழுத்து என்னுது" என்று பதில் வந்தது.

ஒன்பதுக்கு ஏழு நிமிடம் இருக்கையில் இழுவை ரயிலடிக்கு வந்தார்கள்.

இந்த ரயிலைப் பற்றி அவர் முந்தின நாளே சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஸ்பூனையும் ஒரு நூலையும் வைத்துப் பாடம் நடத்தியிருந்தார். விஷயம் எளிதுதான். செங்குத்தான மலைச்சரிவில் ஒரு தண்டவாளம். அதில் இரண்டே இரண்டு பெட்டிகள், ஒன்று பச்சை, மற்றது நீலம். இரண்டையும் ஒரே கம்பிவடம் கட்டியிருக்கிறது. வடம் மலையுச்சியில் ஒரு ராட்சதச் சக்கரத்தைச் சுற்றி வருகிறது. கிணற்றில் இரண்டு வாளி கட்டின ராட்டினம் மாதிரி, ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். இறங்குகிற பெட்டியின் பாரமே ஏறுகிற பெட்டியைத் தூக்கிவிடும். மோட்டாருக்குப் பாதி வேலைதான்.

"அப்ப நடுவுல முட்டிக்காதா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

அவர் முகம் வெளிச்சமானது. "அங்கதான் இருக்கு சூட்சுமம். சரியா நடுவுல மட்டும் தண்டவாளம் ரெண்டாப் பிரியும். பச்சை எப்பவும் வலது பக்கம், நீலம் எப்பவும் இடது பக்கம். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. அங்க ஒரு சின்ன ஸ்டாப்பும் உண்டு. ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல அரை நிமிஷம் நிக்கும். நம்ம ஊர் மாதிரி மேல போக ஒரு பிளாட்பாரம், கீழ போக ஒரு பிளாட்பாரம்னு கிடையாது. பிளாட்பாரம் பெட்டிக்குச் சொந்தம், திசைக்கு இல்ல."

டிக்கெட்டில் நேரம் அடித்துக்கொண்டு ஏற வேண்டும். அடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வலது பக்கம் என்று அவர் படித்திருந்தார். "நீ முன்னால நில்லு, நான் அடிச்சுட்டு வர்றேன்."

பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து நெருக்கியது. டாக்டரம்மா பையோடு பச்சைப் பெட்டிக்குள் தள்ளப்பட்டாள். திரும்பிப் பார்த்தால், அவர் வலது பக்கச் சுவரோரம் சாக்லெட் விற்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று, காசு போடும் துளைக்குள் டிக்கெட்டைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் அடிக்கும் இயந்திரம் இடது பக்கத்தில், மஞ்சள் நிறத்தில், ஆள் உயரத்துக்கு நின்றது.

"என்னங்க, இந்தப் பக்கம்!"

கதவு மூடிக்கொண்டது. பச்சைப் பெட்டி ஏறத் தொடங்கியது.

அவளுக்குப் பயமில்லை. சிரிப்புத்தான் வந்தது. கரெக்ட் சாரைச் சாக்லெட் பெட்டி ஏமாற்றிவிட்டது! இதை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம்.

பிரிந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவர்களிடம் சட்டம் இருந்தது. முதல் நாளே போட்டது. முன்னால் போனவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். பின்தங்கியவர் அடுத்த வண்டியில் வந்து சேர வேண்டும். போனும் ஒன்றுதான், அவளிடம். வெளிநாட்டு சிம் ஒன்று போதும் என்று தன் போனை அணைத்து சூட்கேஸில் போட்டுவிட்டார் அவர்.

பெட்டி நடு நிறுத்தத்தில் நின்றது. யாரும் இறங்கவில்லை. நேற்றைய ஸ்பூன் பாடம் நினைவுக்கு வராமல், அது ஒரு நிறுத்தம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் உச்சிக்குத்தானே போகிறார்கள்? அவளும் உச்சிக்குப் போய் இறங்கி நின்றாள்.

ஒன்பது பன்னிரண்டுக்குக் கீழிருந்து கிளம்பிய நீலப் பெட்டி ஒன்பது பதினெட்டுக்கு வந்தது. கதவு திறந்தது. கிழவர்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், ஒரு நாய்கூட வந்தது. அவர் வரவில்லை.

இன்னும் சாக்லெட் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறாரா? மயக்கம் ஏதாவது? சட்டப்படி அவள் அசையக் கூடாது. ஆனால் சட்டம் அவர் போட்டது, மனசு அவளுடையது. அதே நீலப் பெட்டியில் ஏறிக் கீழே கிளம்பிவிட்டாள்.

நடந்தது இதுதான். அவர் நீலப் பெட்டியில் வந்தார். ஆனால் 'அடுத்த நிறுத்தம்' என்றால் அவருக்கு அடுத்த நிறுத்தம்தான். நடுவில் இறங்கினார். அவளைத் தேடினார், இல்லை. சரி, மேலே போயிருக்கிறாள் என்று முடிவு செய்தார். மேலே போகும் அடுத்த பெட்டி பச்சை. பச்சை வலது பக்கம். ஆகவே சின்ன மேம்பாலத்தின் படியேறி மறுபக்கம் போய் நின்றார். விவரம் தெரியாத ஒருவர் இறங்கின இடத்திலேயே நின்றிருப்பார், நீலப் பெட்டியில் வருகிற மனைவி அவர் எதிரிலேயே வந்து நின்றிருப்பாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் வினை.

ஒன்பது இருபத்தேழு. நீலமும் பச்சையும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. கதவுகள் வெளிப்பக்கம் திறந்தன. உள்பக்கம் கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி, நடுவில் ஒரு முழம் இடைவெளி.

எதிர்ப் பெட்டியில் அவர் ஏறி, சரியாக அவளுக்கு நேரே இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

"என்னங்க!"

கையை ஆட்டினாள். கண்ணாடியைத் தட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ப் பெட்டியில்கூட ஒரு குழந்தை அவளைப் பார்த்துக் கை ஆட்டியது.

அவர் நிமிர்ந்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மறுபடி கையை உயர்த்தினாள்.

முன்பின் தெரியாத யாரோ ஒரு பெண்ணை ரொம்ப நேரம் பார்த்துவிட்டவர்போல, மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. இறங்கி ஓடவும் தோன்றவில்லை. அரை நிமிடம் முடிந்தது. வடம் இழுத்தது. ஒன்று மேலே போக, ஒன்று கீழே வந்தது.

மீதி மூன்று நிமிடத்தில் டாக்டரம்மாவுக்கு எல்லாம் வரிசையாக வந்தது. எண்ணிய விரல்கள். மார்க்கர் எழுத்து. சூட்கேஸில் போட்ட போன். ஹோட்டலில் மெனு அட்டையை அவள் பக்கம் தள்ளி, "உன் இஷ்டம்" என்றது. இந்த ஒரு வருடமாகப் பேசும்போது தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் பார்ப்பது. வயசான காலத்தில் மனுஷனுக்கு என்ன குறும்பு என்று அவள் வெட்கப்பட்டதும் உண்டு.

கீழே இறங்கியதும், மஞ்சள் இயந்திரத்தில் சாய்ந்துகொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"குட்டி. அப்பாவுக்குக் கண்ணுல என்ன?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கேக்கறேன்ல?"

"சொல்லிட்டாரா?"

"இல்ல. நான் பாத்துட்டேன். என்னன்னு சொல்லு."

"விழித்திரைம்மா. அதோட நடுப்பகுதி பழுதாகுது. ஓரம் நல்லாத் தெரியும். நடக்க, படி ஏற, வண்டி வருதான்னு பாக்க எல்லாம் முடியும். நேரா எதைப் பாத்தாலும் அது மட்டும் மங்கிடும். எழுத்து, முகம்..." மகளின் குரல் உடைந்தது. "நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"எத்தனை மாசம்?"

"பதினொண்ணு."

"பதினொரு மாசம் எனக்கு நீ மகளா, அவருக்கு வக்கீலா?"

"அம்மா, திட்டு. ஆனா கிளம்பி வந்துடுங்க ரெண்டு பேரும். உனக்குப் பாஷையும் தெரியாது, அவருக்கு..."

"அவர் மேல நிக்கறார். வைக்கறேன்."

ஒன்பது முப்பத்தாறு பெட்டி பேச்சிலேயே போய்விட்டிருந்தது. நாற்பத்தெட்டில் ஏறினாள். இப்போது அவர் இறங்கி வந்துகொண்டிருந்தால்? நடு நிறுத்தத்தில் எதிர்ப் பெட்டியை ஒரு முகம் விடாமல் பார்த்தாள். இல்லை. சட்டத்தை அவர் மீறவில்லை.

உச்சியில், வடம் சுற்றும் ராட்சதச் சக்கரத்தைக் கண்ணாடி வழியே பார்க்கும்படி ஓர் அறை வைத்திருந்தார்கள். அதற்கு வெளியே, இறங்குகிறவர்கள் எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் டைம்கீப்பர். சட்டை காலர் ஒழுங்காக இருந்தது. கையில் இரண்டு டிக்கெட்.

அவள் போய் நேர் எதிரே நின்றாள். சோதிக்க நினைத்து நிற்கவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விநாடி. இரண்டு. அவர் லேசாகத் தலை குனிந்து, "சாரி" என்று சொல்லி, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"என்னங்க..."

அவர் கை கம்பியிலிருந்து நழுவியது.

"நீயா? எப்ப வந்தே? அந்தக் கூட்டத்துல நான் கவனிக்க..."

"கூட்டம் எங்கங்க இருக்கு? நானும் நீங்களும்தான் நிக்கறோம்."

சக்கரம் உள்ளே நின்றிருந்தது.

"நடு ஸ்டாப்புல எதிர்ப் பெட்டியில கண்ணாடியைத் தட்டினது நான்தான்" என்றாள்.

"ஒரு பொம்பளை கை ஆட்டுச்சு. நீலக் கலரா ஒரு ஸ்வெட்டர்..." அவர் நிறுத்தினார். குனிந்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அவள் ஸ்வெட்டரைப் பார்த்தார். "ஓ."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கீழே ஊர் முழுவதும் விரிந்து கிடந்தது.

"முப்பத்தோரு வருஷம்" என்றாள் அவள். "கண்ணுக்கே தெரியாததை எல்லாம் பாத்து எழுதிக் கொடுத்து சம்பளம் வாங்கினவ நான். பக்கத்துல உக்காந்து சாப்பிடற மனுஷனுக்கு முகம் தெரியலன்னு பதினொரு மாசமா எனக்குத் தெரியல. என்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கிட்டீங்க."

"முட்டாளாக்கணும்னு இல்லம்மா."

"பின்ன?"

"சொன்னா இந்தப் பயணத்தையே ரத்து பண்ணிடுவே."

"பண்ணித்தான் இருப்பேன்."

"இல்லன்னா கூட்டிட்டு வந்து, கையைப் பிடிச்சுக்கிட்டே சுத்துவே." அவர் டிக்கெட்டுகளின் ஓரத்தை விரலால் நீவினார். "கையைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்த வேண்டிய வயசுல நான் டெப்போவிலேயும் நீ லேப்லேயும் கிடந்தோம். கண்ணு தெரியலன்னுதானா இப்ப பிடிக்கணும்? ஒரு தடவையாவது நான் உன்னை ஊர் சுத்திக் காட்டணும். நான் முன்னால போகணும், நீ பின்னால வரணும். அதுக்குத்தான் படிச்சேன். நாற்பத்திரண்டு வண்டி. லென்ஸ் வச்சு, ஒரு நேரத்துக்கு ஒரு எழுத்தா."

அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் வைக்க இடம்தான் இல்லை.

"சாக்லெட் மிஷின்ல டிக்கெட்டைச் சொருகினீங்க."

"அதுவா அது?" அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "புது மாடல்னு நினைச்சேன். துளை சின்னதா இருக்கேன்னு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, அழுகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்தாள்.

"கீழ ஒரு மஞ்சள் டிராம் போகுது. ஆத்துப் பாலத்துல வளையுது" என்றாள், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாலத்துல வளையறது ஒம்பதாம் நம்பர் மட்டும்தான். இப்ப மணி பத்து பதினாலு இருக்கணும்."

கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினாலு.

"கரெக்ட்" என்றாள். அவளையும் மீறி வந்தது.

அவர் நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். இந்த ஐந்து நாளில் முதல் தடவை. "மீதி ஏழு நாளும் இதுல இருக்கு. இனிமே போர்டை நீ படி. ஆனா வழி நான் சொல்றேன். நாளைக்கு மட்டும் மாத்திடாதே. எட்டு நாற்பது பஸ். கால்வாய்ல மதகு வச்சுப் படகைப் படிப்படியா மேல ஏத்தற இடம். கதவை மூடுவான், தண்ணியை விடுவான், படகு தானா உயரும். படத்துலதான் பாத்திருக்கேன். இந்தப் பயணத்துல எனக்குன்னு நான் வச்சுக்கிட்டது அது ஒண்ணுதான். அது பெரிசு. ஓரக்கண்ணாலயே தெரியும்."

"சரி. ஆனா ஒண்ணு. இனிமே எனக்குத் தெரியாம எதுவும் கூடாது. ஒண்ணுகூட."

"இல்ல."

"எல்லாத்தையும் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"டாக்டர் வைத்தியம் ஏதாவது சொன்னாரா?"

"செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டார்."

அவள் கையைப் பிடிக்கவில்லை. தோளைத் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்குக் கண் காரணம் இல்லை, குளிர் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பையில் போன் அதிர்ந்தது. எடுத்தாள். மகளிடமிருந்து செய்தி.

'ஊசியைப் பத்தி அப்பா சொன்னாரா? கண்ணுக்குள்ள போடறது. இந்த வாரம் ஆரம்பிக்க வேண்டியது. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டுத்தான் கிளம்பினார். தாமதத்துல என்ன போகும், என்ன மிஞ்சும்னு டாக்டராலயே சொல்ல முடியல. நாளன்னிக்கு நேரம் வாங்கிட்டேன். உங்க டிக்கெட்டையும் மாத்திட்டேன். விமானம் நாளைக்குக் காலைல பதினொண்ணு. நீதான் சொல்லணும். நான் சொன்னா வர மாட்டார்.'

இரண்டு தடவை படித்தாள். நாளை எட்டு நாற்பது பஸ். நாளை பதினொரு மணி விமானம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

"யாரு?" என்றார் அவர்.

டாக்டரம்மா போனின் திரையை அணைத்தாள். பையின் அடியில் வைத்து, மடியிலிருந்த நோட்டை அதன் மேல் போட்டாள்.

"ஏதோ விளம்பரம்" என்றாள்.

டைம்கீப்பர் தலையை மெதுவாகச் சாய்த்து, தனக்குத் தெரியும் அந்த ஓரத்தில் அவள் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, நெடுநேரம் பார்த்தார்.